பஞ்சத்திலும் படியளந்த வணிகர் வள்ளல் சீதக்காதி

    

ஊர்க் கடைவீதி செழித்தால் ஜமாஅத்தின் வரவும் செழிக்கும். கடைவீதி படுத்தால் சந்தா முதல் மதரஸா நன்கொடை வரை எல்லாமே தேங்கும். இதனை நாம் எல்லோரும் அறிவோம். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் வீழ்ந்தது. அதன் அதிர்வு துபாயின் கட்டட வேலைகளை நிறுத்தி, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலரை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, சரக்கு இருந்தும் சில்லறை இல்லாமல் கடைகள் தவித்தன. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது கதவுகளே மூடப்பட்டன. இவற்றுக்கு நடுவே மழை பொய்த்த ஆண்டுகளும், மிளகாய் விலை விழுந்த ஆண்டுகளும் வந்து போயின.

இத்தகைய மந்த காலத்தில் ஒரு வணிகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிக்கலிலிருந்து கிழக்கே ஏர்வாடியைக் கடந்தால் கீழக்கரை. அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கும் ஒரு பெருவணிகரின் வாழ்வே அதற்கு விடை. அவர்தான் வள்ளல் சீதக்காதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழியைத் தமிழகத்துச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் கொடுப்பதற்கு முன் அவர் எவ்வாறு ஈட்டினார் என்பதையும், ஈட்டுவது கடினமாயிருந்த காலத்தில் எவ்வாறு கொடுத்தார் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்விரண்டையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பெயரும் காலமும்

வள்ளலின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். மக்கள் நாவில் ஷெய்கு அப்துல் காதிர் என்பது மெல்ல மருவிச் சீதக்காதி ஆயிற்று. புலவர்களும் அப்பெயராலேயே பாடினர். அவர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. சேது நாட்டை இரகுநாத கிழவன் சேதுபதி ஆண்ட காலம் அது. புகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றி, கல்லாற் கோட்டை எழுப்பி, மதுரை நாயக்கருக்கு அடங்காத தனியரசாக மறவர் சீமையை நிலைநிறுத்தியவர் அம்மன்னர். அவருடைய ஆட்சி 1710ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அம்மன்னருக்குச் சீதக்காதி உற்ற நண்பராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். கோட்டையும் அரண்மனையும் எழும்பிய பணியில் அவர் துணை நின்றார் என்பதும், விஜயரகுநாதப் பெரியதம்பி என்ற பட்டத்தை மன்னர் அவருக்கு வழங்கிச் சிறப்பித்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்திகள். சேது நாட்டுடன் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த டச்சுக்காரர்கள், பெரியதம்பி என்ற செல்வாக்கு மிக்க மரைக்காயர் வணிகரைத் தம் ஆவணங்களில் பல இடங்களில் குறித்துள்ளனர். அவரே நம் வள்ளல் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். டச்சுக்காரர்களின் கண்ணுக்கு அவர் தங்கள் வணிகத்திற்குக் குறுக்கே நின்ற போட்டியாளர். நம் மக்களின் கண்ணுக்கோ அவர் வள்ளல். ஒரே மனிதரை இருவேறு கணக்குப் புத்தகங்கள் இருவேறு விதமாகப் பதிவு செய்துள்ளன.

மரக்கலமும் பண்டகசாலையும்

மரைக்காயர் என்ற சொல்லே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளில் வாழ்ந்த மரைக்காயர்கள் கலம் செலுத்துவதிலும் கடல் வணிகத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். சேது நாட்டுக் கடற்கரையில் அன்று கைமாறிய பண்டங்கள் பல. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்திற்குச் சென்று வளையலாக அறுக்கப்பட்டது. முத்துக் குளிப்பு நடந்த ஆண்டுகளில் முத்தும் விலைபோயிற்று. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி இலங்கைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் ஏறியது. இலங்கையிலிருந்து கொட்டைப் பாக்கும், மலையாளக் கரையிலிருந்து மிளகும் வந்தன. வானம் பார்த்த பூமியாகிய நம் சீமைக்கு அரிசி போதாதபோது, தஞ்சைக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கடல் வழியே நெல்லும் அரிசியும் இறங்கின.

அக்காலத்துத் துணி வணிகம் முன்பணத்தில் நடந்தது. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளர் அப்பணத்தில் நூல் வாங்கி, குடும்பத்திற்கு அரிசியும் வாங்கி, மாதங்கள் உழைத்துத் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார். அத்துணி கப்பலேறி விற்றுக் காசாகித் திரும்பும்வரை வணிகரின் முதல் முடங்கிக் கிடக்கும். எனவே தறிக்காரரின் நாணயத்தை நம்பி வணிகரும், வணிகரின் நாணயத்தை நம்பித் தறிக்காரரும் வாழ்ந்தனர். இந்த நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் சரிந்துவிடும். வள்ளலின் காலத்தில் அச்சங்கிலியை இரண்டு புறத்திலிருந்து இழுத்த ஆபத்துகள் இருந்தன. ஒன்று கடலில் வந்தது. மற்றொன்று நிலத்தில் வந்தது.

கடலில் வந்த நெருக்கடி

1602இல் தொடங்கப்பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1658ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகியவற்றைக் கைப்பற்றியது. 1663இல் கொச்சியும் அவர்கள் கைக்குப் போயிற்று. இதன் பொருள் என்ன? கீழக்கரையிலிருந்து கலம் எடுத்தால் மேற்கே தூத்துக்குடியிலும், கிழக்கே மன்னாரிலும், வடக்கே நாகையிலும், மலையாளக் கரையைச் சுற்றினால் கொச்சியிலும் டச்சுக் கொடியே பறந்தது. தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓடும் கலங்களை மறிக்கும் அதிகாரத்தை அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டனர். இலங்கையோடு நடந்த பாக்கு, துணி வணிகத்தில் காலங்காலமாக இருந்த தடையற்ற போக்குவரத்தை 1670களில் கடுமையாக நெருக்கினர். சங்கு, முத்துக் குளிப்பிலும் தமக்குப் பங்கும் முதலுரிமையும் கேட்டனர். சேதுபதியோடு அடுத்தடுத்து உடன்படிக்கைகள் செய்துகொண்டு, கரையோர வணிகத்தைத் தம் வசமாக்க முயன்றனர்.

பீரங்கி ஏற்றிய கப்பல்களை வைத்திருந்த கம்பெனியோடு ஒரு மரைக்காயர் நேருக்கு நேர் போர் புரிய இயலாது. ஆனால் பெரிய கப்பல்களுக்கு எட்டாத இடத்தில், திட்டுகளும் பாறைகளும் நிறைந்த நம் ஆழமில்லாக் கடலில், சிறு தோணிகள் ஓடின. பெரிய கம்பெனி வாங்க விரும்பாத சிறு சரக்கும், அது நுழைய விரும்பாத சிறு துறையும் நம் வணிகரைத் தாங்கி நின்றன. மன்னரின் ஆதரவும் பக்கபலமாக இருந்தது. தன் கரையில் ஒரே ஒரு அயல்நாட்டுக் கம்பெனி மட்டுமே விலை சொல்வதைச் சேதுபதி விரும்பவில்லை. உள்ளூர் வணிகர் நிலைத்திருந்தால்தான் மன்னருக்கும் சுங்க வரவும் பேரம் பேசும் வலிமையும் உண்டு. இந்த நுட்பத்தை அறிந்தே வள்ளல் அரசின் நட்பைப் பேணினார் எனலாம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரே பண்டத்தை நம்பிய வணிகர், அப்பண்டத்தின் வழி அடைபட்டவுடன் வீழ்ந்தார். சங்கும் துணியும் நெல்லும் மிளகும் எனப் பல பண்டங்களில் கை வைத்திருந்தவர், ஒன்றில் நட்டமானாலும் மற்றொன்றால் எழுந்து நின்றார். வள்ளலின் வள்ளன்மைக்கு அடித்தளமாக இருந்தது இந்த வணிக விவேகமே. கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும்!

நிலத்தில் வந்த நெருக்கடி

கடலில் இந்நிலை என்றால் நிலத்திலோ ஓயாத போர். 1670களின் நடுவில் தஞ்சை மராத்தியர் வசமாயிற்று. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். மதுரையில் சொக்கநாத நாயக்கரின் ஆட்சி 1682இல் அவருடைய மறைவோடு முடிந்தபோது அந்நாடு நலிந்திருந்தது. 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் படைகளிடம் வீழ்ந்தது. படைகள் போகும் பாதையில் பயிர் மிஞ்சாது, சந்தை கூடாது, நெல் வண்டி நகராது. இதனுடன் மழையும் பொய்த்த ஆண்டுகளில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அக்காலத்தில் மதுரைச் சீமையில் பணியாற்றிய ஏசு சபைப் பாதிரிமார் தம் நாட்டிற்கு எழுதிய கடிதங்களில் இந்தப் போர்களையும் பஞ்சங்களையும் விரிவாகக் குறித்துள்ளனர்.

பஞ்சத்தில் கடைவீதிக்கு என்ன நேரிடும் என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம். நெல் விலை ஏறும். குடும்பத்தின் கையிலுள்ள காசு முழுவதும் வயிற்றுக்கே போய்விடும். அவ்வாறாயின் துணி வாங்குபவர் யார்? பாத்திரம் வாங்குபவர் யார்? நகை செய்பவர் யார்? தறிக்காரர் நெய்த துணி விற்காது. ஆனால் அவர் வாங்க வேண்டிய அரிசியின் விலையோ பன்மடங்கு. முன்பணத்தைத் தின்று தீர்த்துவிட்டுத் தறியை விற்பார். பிறகு ஊரை விட்டுப் போவார். கொல்லர், தச்சர், குயவர், கலத்தில் கூலி வேலை செய்வோர் ஆகிய அனைவருக்கும் அதே கதி. ஆகவே பஞ்ச காலத்தில் நெல் வணிகர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாக் கடைகளுக்கும் மந்தமே. நெல் வணிகரும் விலை இன்னும் ஏறட்டும் என்று பத்தாயத்தைப் பூட்டி வைத்தாரானால் ஒரு பருவம் கொழுத்த இலாபம் காண்பார். ஆனால் அடுத்த பருவத்தில் வாங்குவதற்கு ஊரில் ஆள் இருக்கமாட்டார்கள்.

பத்தாயம் திறந்தது

இந்த இடத்தில்தான் சீதக்காதி மற்ற செல்வர்களிலிருந்து வேறுபட்டு நிற்கிறார். பொன்னும் நெல்லும் சரிநிகராக நிறுக்கப்படும் அளவுக்குக் கொடிய பஞ்சம் வந்தபோதும், அவர் தம் பண்டகசாலைகளைத் திறந்து சாதி சமயம் பாராது அன்னம் அளித்தார். இதனைப் படிக்காசுப் புலவரின் தனிப்பாடல் சான்று பகர்கிறது. படிக்காசுப் புலவர் சைவ சமயத்தவர். தொண்டை மண்டல சதகம் பாடியவர். இஸ்லாமிய வணிகர் ஒருவரின் அன்னதானத்தை அவர் மனமுருகிப் பாடியது, அக்கொடை யார் யாரைச் சென்றடைந்தது என்பதற்கே சாட்சியாகும்.

பதுக்கி வைத்து விலையேற்றுவதை மார்க்கம் தடுத்துள்ளது என்பதை வள்ளல் அறியாதவர் அல்லர். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டும் என்பதும், விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கிற்கும் இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு என்பதும் முஸ்லிம் வணிகர் அனைவருக்கும் விதிக்கப்பட்டவை. ஆனால் கடமையான அளவோடு நின்றிருந்தால் முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஒரு பழமொழி வாழ்ந்திருக்காது. விலை உச்சத்தில் இருந்த நாளில், விற்றால் பொன்னாகக் குவிந்திருக்கும் நெல்லை அவர் அள்ளிக் கொடுத்தார். அந்நெல்லின் அன்றைய விலையே அவர் கொடுத்த கொடையின் அளவு.

இதனை வெறும் இரக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உண்டு உயிர் பிழைத்த தறிக்காரர் ஊரை விட்டுப் போகமாட்டார். கலத்தில் வேலை செய்தோர் வேறு துறை தேடமாட்டார். மழை பெய்து நிலைமை திரும்பியபோது நெய்ய ஆளும், குளிக்க ஆளும், கலம் செலுத்த ஆளும், வாங்க ஆளும் உள்ள ஊராகக் கீழக்கரை இருக்க வேண்டுமானால், பஞ்சத்தில் அவ்வூரார் உயிரோடு இருக்க வேண்டும். வாடிக்கையாளரைக் காப்பதே கடையைக் காப்பது என்ற இந்த உண்மை, இறைவனுக்காகக் கொடுப்பவருக்கு உலகிலும் கிடைக்கும் நற்பலன்களுள் ஒன்று.

அறிஞர் தொடர்பும் தமிழ்ப் பணியும்

வள்ளலின் செல்வம் வயிற்றுக்கு மட்டும் செலவாகவில்லை. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய மார்க்க மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632-1703) அவர் பெரிதும் மதித்த ஞானாசிரியர் ஆவார்கள். திராவிடக் கட்டடக் கலையின் சாயலில் கல் தூண்களோடு எழுந்து நிற்கும் கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலும் வள்ளலின் பெயரோடு இணைத்தே சொல்லப்படுகிறது. அப்பள்ளியின் தூண்களைக் காண்பவர், அதனைச் செதுக்கிய தச்சர்கள் இந்த மண்ணின் கைவினைஞர்களே என்பதை உடனே உணர்வர். மந்தமான காலத்தில் கட்டடப் பணி தொடங்குவது கல்தச்சர் குடும்பங்களுக்குச் சோறு போடும் வழியுமாகும்.

எட்டயபுரத்து அவைப் புலவராகிய உமறுப் புலவர் (1642-1703) அவர்களை அண்ணல் நபியவர்களின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாகப் பாடித் தருமாறு வேண்டியவரும் சீதக்காதியே. 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் அந்த வேண்டுகோளின் விளைவாகத் தோன்றியது. வள்ளலின் மீது திருமண வாழ்த்தும் நொண்டி நாடகமும் பாடப்பெற்றன. புலவர்க்குப் பொருள் கொடுப்பதை வீண் செலவென்று கருதும் வணிகர் எக்காலத்தும் உண்டு. ஆனால் அவ்வாறு கருதிய செல்வர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது.

மறைவும் அதன் பின்னும்

காப்பியம் நிறைவுறும் முன்பே வள்ளல் மறைந்தார். அவர் மறைந்தது தெரியாமல் பரிசில் நாடி வந்த படிக்காசுப் புலவர், அடக்கத்தலத்தில் நின்று ஆற்றாமையால் அழுது பாடினார் என்றும், அப்போது மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்றும், புலவர் அம்மோதிரத்தைப் பெற்றுச் சென்றார் என்றும் கூறுவர். செத்தும் கொடுத்தான் என்ற பழமொழிக்கு இக்கதையே மூலம். இக்கதையில் நாம் காண்பது மக்களின் ஏக்கம். கொடுத்த கை ஓய்ந்துவிட்டால் நம் கதி என்னாவது என்ற கவலையே அக்கதையாக உருவெடுத்தது.

ஆனால் மறைந்தவர் கொடுப்பதற்கு மெய்யான வழி ஒன்று உண்டு. சீறாப்புராணம் பாதியில் நின்றபோது பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து உமறுப் புலவரை ஆதரித்தார். அதனால் காப்பியம் தொடர்ந்தது. ஒருவர் தொடங்கிய நற்பணியை மற்றொருவர் ஏற்று நடத்தினால், தொடங்கியவரின் கை மண்ணுக்குள்ளிருந்தும் நீளும். கொடை ஒரு தனி மனிதரோடு முடிந்துவிடாமல் கைமாறிச் செல்ல வேண்டும் என்பதே இதன் பாடம். நம்மைப் போன்ற ஜமாஅத்துகளின் தேவையும் இங்கேதான் பிறக்கிறது.

சீதக்காதியின் வணிகத்தை நசுக்க முனைந்த டச்சுக் கம்பெனியின் முடிவையும் இங்கே குறிப்பிடுதல் தகும். உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனமாக விளங்கிய அது, கடனில் மூழ்கி 1799ஆம் ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. கோட்டைகளும் பீரங்கிகளும் அதனைக் காக்கவில்லை. அதன் பெயரை இன்று வரலாற்று மாணவர் மட்டுமே அறிவர். வள்ளலின் பெயரோ இராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தின் வாயிலில் மன்னரின் பெயரோடு கைகோத்து நிற்கிறது.

பிற்காலத்து மந்தம் ஒன்று

வள்ளலின் வழிக்கு மாறான ஓர் எடுத்துக்காட்டையும் காண்போம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவின் நெல் விலை ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. அக்காலத்தில் ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த செட்டிநாட்டு நகரத்தார் பலர் அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்தனர். விலை வீழ்ந்ததால் விவசாயிகளால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று.

அவர்கள் நிலம் தேடிச் சென்றவர்கள் அல்லர். கொடுத்த பணம் காசாகத் திரும்பாததால் மண்ணாகத் திரும்பியது. கணக்கில் சொத்து பெருகிற்று; கையில் காசு இல்லை; நிலம் இழந்த மக்களின் மனத்தில் கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பல்லாயிரம் தமிழர் காடு மலை கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. வாடிக்கையாளர் வீழ்ந்தபின் அவருடைய சொத்து நம்மிடம் வந்து சேர்வது இலாபமாகத் தோன்றினாலும் அது நிலைக்கும் இலாபமாகாது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நம் கடைவீதிக்கு

இப்போது நம் சிக்கலுக்கு வருவோம். நம் வட்டாரத்தின் வரவு சில ஊற்றுகளையே நம்பியிருக்கிறது. வானம் பார்த்த நெல், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய், பருத்தி, கருவேலங்கரி, வாலிநோக்கத்து உப்பும் மீனும், வளைகுடாவிலிருந்து வரும் பணம் ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்று வற்றினாலும் அடுத்த மாதமே மளிகைக் கடையின் பற்று நோட்டில் அது தெரிந்துவிடும். முதலில் துணிக்கடையும் நகைக்கடையும் வெறிச்சோடும். பிறகு மளிகைக் கடையில் பற்று ஏறும். கடைசியில் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியாமல் நிற்பார். கடன் அன்பை முறிக்கும் என்று எழுதி மாட்டியிருந்தாலும், தெரிந்த முகத்திற்கு இல்லையென்று சொல்லும் மனம் நம் கடைக்காரர்களுக்கு இல்லை. ஊரடங்குக் காலத்தில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இந்தப் பற்று நோட்டுகளால்தான். அந்தச் சிறு கடைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சீதக்காதியின் குணத்தில் ஒரு துளி இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் பத்தாயம் நிறைய வைத்திருந்த வள்ளலுக்கும், வாடகைக் கடையில் சிறு முதலோடு இருப்பவருக்கும் வேறுபாடு உண்டு. வள்ளல் தம் சொந்த நெல்லைக் கொடுத்தார். நம் கடைக்காரர் கொடுப்பதோ பெரும்பாலும் கடனுக்கு வாங்கிய சரக்கு. அவரைத் தனியே சுமக்க விட்டால் அவரும் வீழ்வார். அவரை நம்பியவர்களும் வீழ்வர். எனவே சுமையை ஊரே பகிர வேண்டும். வள்ளலின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடங்களை இவ்வாறு தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவதாக, வளைகுடாவிலிருந்து பணம் வந்ததும் பிற செலவுகளுக்கு முன் உள்ளூர்க் கடையின் பற்றைத் தீர்ப்பது நம் கடமை. கஷ்டத்தில் கொடுத்தவரை வசதி வந்தபின் மறந்துவிட்டு, ரொக்கத்தோடு இராமநாதபுரத்துப் பெரிய கடைக்கோ, கைப்பேசியில் வாங்கவோ செல்வது நன்றியாகாது.

இரண்டாவதாக, வணிகர்கள் செழிப்பான காலத்திலேயே மந்தத்திற்கென ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஒரே சரக்கில் முழு முதலையும் போடுவதும், வட்டிக் கடன் வாங்கிக் கடையை விரிப்பதும் மந்தம் வந்தால் கழுத்தை நெரிக்கும். சிறு கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து மொத்தமாகச் சரக்கு எடுத்தால் விலையும் குறையும், வண்டி வாடகையும் மிஞ்சும்.

மூன்றாவதாக, தட்டுப்பாட்டு நாளில் சரக்கை ஒளித்து வைக்காதிருத்தல் வேண்டும். அளவிலும் விலையிலும் அன்று காட்டும் நேர்மையை ஊர் ஒருநாளும் மறக்காது. அன்று காட்டும் பேராசையையும் மறக்காது.

நான்காவதாக, ஜகாத்தையும் நன்கொடையையும் ஒருமுகமாகத் திரட்டி, தள்ளாடும் சிறு வணிகருக்கு வட்டியில்லாக் கடனாகவும், இயலாத குடும்பத்தின் கடைப் பற்றைத் தீர்க்கும் உதவியாகவும் ஜமாஅத்தின் வழியே கொடுக்கலாம். கடைக்குச் செலுத்தும் ஒரு ரூபாய் அக்குடும்பத்திற்கும் உதவும், கடைக்காரருக்கும் உதவும். கொடுப்பவர் ஒருவர் மறைந்தாலும் கொடை நிற்காது. சீறாப்புராணத்தை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்றுத் தாங்கியது போல, இன்றைய நிர்வாகம் தொடங்குவதை நாளைய நிர்வாகம் தொடரும்.

கீழக்கரைத் துறையில் அன்று நின்ற மரக்கலங்கள் இன்றில்லை. பண்டகசாலைகளும் இல்லை. நெல்லைப் பூட்டி வைத்துப் பொன்னாக்கியவர்கள் யார் யாரென்று சொல்வாரும் இல்லை. திறந்து கொடுத்தவரின் பெயர் மட்டும் நம் அன்றாடப் பேச்சில் உயிரோடிருக்கிறது. மந்தம் வரும் நாளில் நம் ஊரின் எந்தக் கடையும் தனித்து விடப்படாமலும், எந்த வீட்டு அடுப்பும் அணையாமலும் காக்கும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.